கட்டமும் காயும்



கோயில் திருவிழாவில் விளையாட்டைப் பற்றிப் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றக்கூடும். விளையாட்டு என்றால் பொழுதைப் போக்குவது; வழிபாடு என்றால் பொழுதைப் பயன்படுத்துவது; இரண்டுக்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்பார்கள். ஆனால் சைவ உலகம் விளையாட்டை இழிவாகக் கருதியதே இல்லை. மதுரையில் சொக்கநாதப் பெருமான் நிகழ்த்திய 64 அருட்செயல்களையும் பரஞ்சோதி முனிவர் 'திருவிளையாடல்' என்னும் பெயராலேயே பாடினார். திருவாசகத்தைத் திறந்தால் அம்மானை, சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என்று பெண்கள் ஆடிய ஆட்டங்களின் பெயர்களே பதிகங்களின் பெயர்களாக நிற்பதைக் காண்கிறோம். பெண்கள் கூடி ஆடிப் பாடிய இடத்துக்கே சென்று, அந்த ஆட்டத்தின் தாளத்திலேயே இறைவன் புகழை அமைத்தார் மாணிக்கவாசகப் பெருமான்.

விளையாட்டுகள் பலவகை. ஓடி ஆடுவன உண்டு. எறிந்து பிடிப்பன உண்டு. ஓரிடத்தில் அமர்ந்து ஆடுவனவும் உண்டு. இவற்றுள் கட்டம் வகுத்துக் காய் நகர்த்தி ஆடும் ஆட்டங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். சதுரங்கம், பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி, பரமபதம் ஆகியவை நாம் அனைவரும் அறிந்தவை. உடல் அசையாமல், ஒரு பலகையையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக அமர்ந்திருப்பதில் மனிதருக்கு அப்படி என்ன இன்பம்? இது முதல் வினா. அதே கட்டமும் அதே காயும் தருமருக்கும் நளனுக்கும் நாட்டையே இழக்கும் கருவியாயின. அப்படியானால் விளையாட்டு எந்த இடத்தில் முடிகிறது, சூது எந்த இடத்தில் தொடங்குகிறது? இது இரண்டாம் வினா. இரண்டாவது வினாவுக்கு விடை தெரியாமையால் நம் காலத்தில் குடும்பங்கள் அழிகின்றன. ஆகவே இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அன்று.

கடற்கரையும் சதுரங்கமும்

இந்த வினாக்களை எழுப்புவதற்குப் புதுப்பட்டினத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கல்பாக்கத்தை அடுத்த இவ்வூருக்குப் பக்கத்தில் இருப்பது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் அதைச் 'சத்ராஸ்' என்று அழைத்தனர். கடலை நோக்கிச் செங்கற் கோட்டை ஒன்றை எழுப்பி, மெல்லிய துணி வாணிகம் செய்தனர். 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்தக் கரைக்கு அப்பால் கடற்போர் புரிந்தனர். இன்று அந்தக் கோட்டையும், அதனுள்ளே டச்சுக்காரரின் கல்லறைகளும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

சதுரங்கம் ஆடியதனால்தான் சதுரங்கப்பட்டினம் என்று பெயர் வந்ததா? கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. 14 ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் பெயரால் இவ்வூர் ராஜநாராயணன் பட்டினம் என்று வழங்கியது. பின்னர்ச் சதிரவாசகன் பட்டினம் என்று பெயர் பெற்று, அதுவே மக்கள் நாவில் சதுரங்கப்பட்டினம் ஆயிற்று என்பர் ஆய்வாளர். தெரியாத ஒரு பெயரை மக்கள் தமக்குத் தெரிந்த, தமக்குப் பிடித்த ஒரு சொல்லாக மாற்றிக்கொள்வது உலக இயல்பு. சதிரவாசகன் யார் என்பதை மறந்த மக்கள் சதுரங்கத்தை மறக்கவில்லை. ஆட்டத்தின் செல்வாக்குக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

மறக்கப்பட்ட மனிதனின் இடத்தில் வந்து அமர்ந்த அந்தச் சொல், 2022 ஆம் ஆண்டு மெய்யாகவே இந்தக் கரைக்கு வந்தது. ரஷ்யாவில் நடக்கவேண்டியிருந்த 44 ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரின் காரணமாக இடம் மாறியது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை ஆட்டங்கள் நடந்தன. இந்தியாவில் அந்தப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. பொதுப்பிரிவில் 188 அணிகளும் மகளிர் பிரிவில் 162 அணிகளும் வந்தன. வேட்டி கட்டிய குதிரை ஒன்று 'தம்பி' என்னும் பெயருடன் போட்டியின் சின்னமாக நின்று உலகத்தாரை வணங்கி வரவேற்றது. பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் பெற்றன. இரு பிரிவிலும் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. மகளிர் அணியில் ஆடிய ஹரிகா துரோணவல்லி அப்போது பேறுகாலம் நெருங்கிய நிலையில் இருந்தார். வயிற்றில் பிள்ளையோடு பலகையின் முன் அமர்ந்து நாட்டுக்காக ஆடினார் அந்த அம்மையார்.

திருப்பூவனூரில் இறைவன் ஆடிய ஆட்டம்

சதுரங்கம் ஆடிய கடவுள் ஒருவர் தமிழ்நாட்டில் எழுந்தருளியிருப்பதை அந்தப் போட்டியின் தொடக்க விழாவில் பிரதமரே எடுத்துரைத்தார். திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள திருப்பூவனூரே அந்தத் தலம். அங்குள்ள பெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். திருநாவுக்கரசர் பாடிய காவிரித் தென்கரைத் தலம் அது.

தென்பாண்டி நாட்டை ஆண்ட வசுசேனன் என்னும் அரசனுக்கும் அவன் தேவி காந்திமதிக்கும் நெடுங்காலம் மகப்பேறு இல்லை. தவத்தின் பயனாக உமையம்மையே அவர்களுக்கு மகளாக வந்து, இராஜராஜேஸ்வரி என்னும் பெயருடன் வளர்ந்தாள். சாமுண்டி தேவி வளர்ப்புத் தாயாக வந்தாள். அரசிளங்குமரி கலைகள் பலவற்றிலும் தேர்ந்தாள். சதுரங்கத்திலோ அவளை வெல்வாரே இல்லை. அவளை ஆட்டத்தில் வெல்பவனுக்கே அவளை மணம் செய்து கொடுப்பது என்று அரசன் அறிவித்தான். வந்தவர் அனைவரும் தோற்றுத் திரும்பினர். 'மகள் மணமின்றியே நின்றுவிடுவாளோ' என்று தந்தை கலங்கினான். குடும்பத்தோடு தலயாத்திரை புறப்பட்டுத் திருப்பூவனூரை அடைந்தான். அங்கே முதியவர் ஒருவர் வந்து 'யான் ஆடுகிறேன்' என்றார். ஆடினார், வென்றார். சொன்ன சொல்லைக் காப்பதா, இளமகளை முதியவருக்குக் கொடுப்பதா என்று அரசன் தவித்து இறைவனை வேண்டினான். முதியவர் இருந்த இடத்தில் சிவபெருமான் காட்சியளித்து அம்மையை மணந்தருளினார்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்லாம் வல்ல இறைவன் அரசனுக்கு ஆணையிட்டு மகளைப் பெற்றிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. அரசன் வகுத்த ஆட்டத்துக்குள் தாமும் நுழைந்து, எல்லாரும் அமர்ந்த பலகையின் முன் தாமும் அமர்ந்து, குதிரை செல்லும் வழியில் குதிரையையும் யானை செல்லும் வழியில் யானையையும் நகர்த்தியே வென்றார். விதியை வகுத்தவரே விதிக்கு உட்பட்டு ஆடினார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர்.

இதற்கு மறுபுறமாக அமைவது தேரழுந்தூர்த் தலவரலாறு. இறைவனும் திருமாலும் சொக்கட்டான் ஆடியபோது உமையம்மை நடுவராக இருந்தாள். வெற்றி யாருக்கு என்னும் ஐயம் எழுந்தபோது தமையன் பக்கம் தீர்ப்புச் சொன்னாள். அதனால் பசுவாகும் சாபம் பெற்றாள் என்கிறது அந்த வரலாறு. விளையாட்டுத்தானே, சற்றுச் சாய்ந்தால் என்ன என்று நாம் எண்ணலாம். அம்மைக்கே அந்தச் சலுகை இல்லை. எல்லோராக் குடைவரைகளில் இறைவனும் இறைவியும் எதிரெதிரே அமர்ந்து காய் உருட்டும் புடைப்புச் சிற்பங்களை இன்றும் காணலாம். ஆட்டத்தின் முறை ஆடுவோர் அனைவருக்கும் பொது என்பதைத்தான் இந்தக் கதைகள் நமக்கு உணர்த்துகின்றன.

வள்ளுவர் கண்ட அரங்கு

திருவள்ளுவர் கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற் குறளில் ஓர் உவமை சொல்கிறார். நூலறிவு நிரம்பாதவன் அவையில் பேசப் புகுவது, கட்டம் வகுக்காமலே வட்டுக்காய் உருட்டி ஆடுவது போன்றதாம். கட்டத்துக்கு அவர் இட்ட பெயர் 'அரங்கு'. அரங்கு இல்லாமல் காயை எவ்வளவு உருட்டினாலும் அது ஆட்டம் ஆகாது. எது தொடக்கம், எது முடிவு, எது வெற்றி என்பதே தெரியாது. ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பது காய் அன்று, கட்டமே. காய் இல்லாவிட்டால் புளியங்கொட்டையையோ கூழாங்கல்லையோ வைத்து ஆடலாம். கட்டம் இல்லாவிட்டால் தங்கக் காய் இருந்தும் பயன் இல்லை.

இத்தகைய ஆட்டங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. கீழடி அகழாய்வில் தந்தத்தாலும் சுடுமண்ணாலும் ஆன பகடைக்காய்களும், தேய்த்து வட்டமாக்கிய ஓட்டு வட்டுகளும் கிடைத்துள்ளன. நம் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தரைக்கற்களைக் குனிந்து பார்த்தால் ஆடுபுலிக் கட்டங்களும் பல்லாங்குழிக் குழிகளும் பொறித்திருப்பதைக் காணலாம். தேர் வரும்வரையிலும், நடை திறக்கும்வரையிலும் மக்கள் காத்திருந்த பொழுதுகளின் தடங்கள் அவை.

டச்சு நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹூய்சிங்கா 1938 இல் விளையாடும் மனிதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். விளையாட்டு தனக்கென ஓர் எல்லையையும் தனக்கென ஒரு காலத்தையும் வகுத்துக்கொள்கிறது. அந்த எல்லைக்குள் அன்றாட வாழ்வின் சட்டம் விலகி, வேறொரு சட்டம் ஆட்சி செய்கிறது என்பது அவர் கருத்து. அவர் பல பக்கங்களில் விரித்ததை நம் புலவர் 'அரங்கு' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்.

வீட்டு ஆட்டங்கள் நான்கு

இனி நம் வீடுகளில் ஆடிவந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் மனத்தைக் கவர்கிறது.

முதலாவது பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தைந்தாகச் சோழியோ புளியங்கொட்டையோ இட்டு ஆடுவது ஒரு வழக்கம். எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபடும். தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்லவேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அப்பால் உள்ள குழியின் காய்களை எடுத்துக்கொள்ளலாம். இடையில் ஏதேனும் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர்; குழிக்கு உரியவர் அதைக் கவர்ந்துகொள்வார். இந்த ஆட்டத்தின் இன்பம் எங்கே இருக்கிறது? அள்ளியதை வைத்துக்கொள்ள முடியாது. எதிரியின் குழியிலும் ஒன்று இட்டுத்தான் கடக்கவேண்டும். கொடுத்துக்கொண்டே போகிறவனுக்கு எங்கோ ஓரிடத்தில் வெறுங்குழியை அடுத்துச் செல்வம் காத்திருக்கிறது. சீதைப்பாண்டி என்று ஒருவரே தனித்து ஆடும் வகையும் உண்டு; அசோகவனத்தில் சீதாபிராட்டி ஆடியது என்பது மக்கள் நம்பிக்கை. துணையில்லாத நேரத்திலும் மனத்தைத் தாங்கும் ஊன்றுகோலாக அந்தப் பதினான்கு குழிகளைத் தமிழ்ப் பெண்கள் கண்டனர். அதனால்தான் மணமான பெண்ணுக்குச் சீர்வரிசையோடு பல்லாங்குழிப் பலகையையும் வைத்தனுப்பினர்.

இரண்டாவது தாயம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையாக விழலாம். ஒன்றும் வெறுமையும் சேர்ந்து விழுந்தால் தாயம். பதினாறில் இரண்டு வகையே அவ்வாறு விழும். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் நுழையும். ஆறும் பன்னிரண்டும் விழுந்தாலும், தாயம் விழாதவன் வாசலிலேயே நிற்கவேண்டும். எண்களில் சிறியது எதுவோ அதுவே வாசலைத் திறக்கும் திறவுகோல். நுழைந்தபின் ஊழும் முயற்சியும் கைகோத்துச் செல்கின்றன. விழும் எண்ணை நாம் தீர்மானிக்க முடியாது. விழுந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்கவேண்டும். வெட்டுப்படாத மலையில் ஏறி நிற்பதா, எதிரியின் காயை வெட்டத் துணிவதா, பழத்தை நோக்கி விரைவதா என்று ஒவ்வொரு முறையும் மனம் ஊசலாடும். வாழ்வும் இவ்வாறே அன்றோ? அதனால்தான் எழுத்தறியாத பாட்டியும் பள்ளி செல்லும் பேரனும் சமமாக அமர்ந்து இதை ஆட முடிகிறது.

மூன்றாவது ஆடுபுலி ஆட்டம். முக்கோணத்தின் உச்சியிலிருந்து இறங்கும் கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளுமாக 23 இடங்கள். ஒருவரிடம் மூன்று புலி. மற்றவரிடம் பதினைந்து ஆடு. ஆட்டுக்கு அப்பால் உள்ள இடம் காலியாக இருந்தால் புலி தாண்டிச் சென்று ஆட்டைக் கொல்லும். ஆட்டுக்குக் கொல்லும் ஆற்றல் இல்லை. வழி மறிக்கும் ஆற்றல் மட்டுமே உண்டு. ஓர் ஆட்டின் பின்னால் மற்றோர் ஆடு நின்றுவிட்டால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று புலியும் அசைய இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கே வெற்றி. வலிமை ஒத்த இருவர் மோதுவது பிற ஆட்டங்களின் இயல்பு. வலியவனும் எளியவனும் மோதி, எளியவன் சேர்ந்து நின்று வெல்லக்கூடும் என்று காட்டுவது இந்த ஆட்டத்தின் சிறப்பு. ஆலமரத்தடியிலும் களத்துமேட்டிலும் உழைக்கும் மக்கள் இதைப் பெரிதும் விரும்பியதில் வியப்பு என்ன இருக்கிறது?

நான்காவது பரமபதம். வைகுண்ட ஏகாதசியன்று இரவு கண்விழிப்பதற்காக ஆடுவது. நற்குணங்கள் ஏணி, தீக்குணங்கள் பாம்பு. உச்சியை நெருங்கும் வேளையில் ஒரு பெரும்பாம்பு வாயைத் திறந்து காத்திருக்கும். இதில் அறிவுக்கு வேலை இல்லை. விழுந்த எண்ணே விதி. ஆயினும் குழந்தைகள் இதைத்தான் அதிகம் விரும்புகின்றனர். கீழே விழுந்தவன் அடுத்த உருட்டலில் மேலே ஏறலாம் என்னும் நம்பிக்கை கடைசிவரை அறுபடாமல் இருப்பதே காரணம். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்ற இவ்வகை ஆட்டம் அங்கே 'பாம்பும் ஏணியும்' ஆகி உலகெங்கும் பரவியது. ஏணிக்கும் பாம்புக்கும் உரிய குணங்களின் பெயர்கள் மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன.

ஏன் ஆடுகிறோம்?

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் மனிதர் இந்த ஆட்டங்களை விரும்புவதற்கான காரணங்கள் புலப்படும்.

முதற் காரணம் சமன்மை. உலகில் ஒருவன் செல்வனாகவும் ஒருவன் வறியவனாகவும் பிறக்கிறான். பலகையின் முன் அமர்ந்தால் இருவருக்கும் அதே பதினாறு காய்கள், அதே எட்டுக்கு எட்டுக் கட்டம். பூஞ்சேரியில் பெருநாட்டின் வீரரும், நாம் பெயரைக்கூடக் கேட்டறியாத சிறு தீவின் வீரரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். சிறிய நாட்டுக்குக் காய் குறைவு என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம், அளவுக்குள் விரியும் அளவின்மை. சதுரங்கத்தில் முதல் நகர்த்தலுக்கு 20 வழிகள் உண்டு. எதிரியும் ஒருமுறை நகர்த்தினால் 400 வழிகள். இருவரும் இரண்டிரண்டு முறை நகர்த்தி முடிக்கும்போது 1,97,281 வழிகள் ஆகிவிடுகின்றன. 64 கட்டத்துக்குள் அடங்கிய ஓர் உலகம், மனித அறிவால் முழுதும் அளக்க முடியாததாக விரிகிறது. எல்லை தெளிவாக இருக்கிறது, ஆழம் தீரவில்லை. கோயிலின் சிறு கருவறை முன் நிற்கும்போது உள்ளம் உணரும் விரிவுக்கு இது ஓர் எளிய ஒப்புமை எனலாம்.

மூன்றாவது காரணம், அஞ்சாமல் தோற்கும் வாய்ப்பு. வாழ்வில் ஒரு தவறு செய்தால் அதன் விளைவு ஆண்டுக்கணக்கில் நம்மைத் தொடரும். பலகையில் தவறினால் காய்களை மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம். பூஞ்சேரியில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் என்னும் பதினாறு வயது இளைஞர் இந்தியாவின் இரண்டாம் அணிக்காக முதற்பலகையில் ஆடி, தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவோடு மோதி, நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தைக் கைநழுவவிட்டுத் தோற்றார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. நம் அணிக்கு வெண்கலம். அந்தத் தோல்வியோடு அவர் முடிந்துவிடவில்லை. 2024 ஆம் ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றபோது முதற்பலகையில் ஆடியவர் அவரே. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் திங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். தோற்கத் தெரிந்தவனுக்கே வெல்லும் வழி திறக்கிறது.

நான்காவது காரணம் உறவு. எந்த ஆட்டமும் எதிரில் ஒருவர் அமர்ந்தால்தான் ஆட்டம். எதிரி என்ற சொல்லே இங்கே பகைமை நீங்கி, எதிரே இருப்பவர் என்ற பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. மயிலாடுதுறையில் 1969 இல் பிறந்த விசுவநாதன் ஆனந்துக்கு முதலில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அன்னையார். பின்னாளில் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பெருவீரரின் முதல் அரங்கு, தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த ஒரு பலகைதான்.

சூதும் விளையாட்டும்

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவர் சூதாடினார். நம் தொண்டை நாட்டுத் திருவேற்காட்டிலே தோன்றிய மூர்க்க நாயனார் அவர். அடியார்க்கு அமுதளித்துப் பின் தாம் உண்பதையே நியமமாகக் கொண்டவர். செல்வம் தீர்ந்தது, நிலத்தை விற்றார், அதுவும் தீர்ந்தது. இளமையில் கற்ற சூதினைக் கொண்டு பொருள் தேட முனைந்தார். உள்ளூரில் அவரோடு ஆடுவார் இல்லாமையால் தலங்கள்தோறும் சென்று குடந்தையை அடைந்தார். முதல் ஆட்டத்தில் தோற்று, பின் ஆட்டங்களில் வென்று, மறுத்து வழக்காடியவரை உடைவாளால் அடக்கினார். அதனால் மூர்க்கர் என்று பெயர் பெற்றார்.

தொண்டை நாட்டுக் குன்றத்தூரிலே தோன்றிய சேக்கிழார் பெருமான் இந்த வரலாற்றை ஒளிக்காமல் பாடினார். எனவே சூது நல்லது என்று கொள்ளலாமா? கூடாது. நாயனார் வென்ற பொருளைத் தம் கையால் தீண்டவில்லை. சமைப்போர் அதைக் கொண்டுபோய் அடியார்க்கு அமுது ஆக்கினர். எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில்தான் அவர் உண்டார். தமக்கென ஒரு காசும் வேண்டாத ஒருவர் செய்த அருஞ்செயல், நாம் பின்பற்றுவதற்கு உரிய வழி அன்று. நெருப்பாற்றைக் கடந்தவரைப் பார்த்துக் கைகூப்பலாம், நாமும் இறங்கலாகாது.

வள்ளுவரோ பொருட்பாலில் சூதுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அது நிற்கும் இடமும் கருதத்தக்கது. வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்த அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயரிட்டார். நோய்களைச் சொன்னவர் மருந்தை அடுத்து வைத்தார் போலும்.

நம் காலத்தில் சூது மண்டபத்தை விட்டுக் கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. இணையவழிச் சீட்டாட்டத்தில் பொருளிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டை உலுக்கின. 2022 இல் தமிழகச் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது; ஆளுநர் திருப்பியனுப்பியபின் மீண்டும் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமையால் ஆடும் ஆட்டங்கள் என்று கூறி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ ஊழோ எதுவாயினும், பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

திறமையா ஊழா என்பது நீதிமன்றங்களுக்கு உரிய வினா. விளையாட்டையும் சூதையும் பிரித்தறிய அது நமக்குப் போதாது. பரமபதத்தில் திறமை சிறிதும் இல்லை. ஆயினும் அதனால் ஒரு குடும்பமும் கெட்டதில்லை. சீட்டாட்டத்தில் திறமை மிகுதி. ஆயினும் அதனால் வீட்டையும் நகையையும் இழந்தோர் பலர். ஆகவே பிரிக்கும் கோடு வேறிடத்தில் இருக்கிறது. அரங்கு உடைகிறதா இல்லையா என்பதே அந்தக் கோடு.

பல்லாங்குழியில் தோற்றவன் எதை இழக்கிறான்? எழுபது புளியங்கொட்டையை. பலகையை மடித்ததும் அந்த இழப்பும் மடிந்துவிடுகிறது. பணயம் வைத்தால் அவ்வாறு இல்லை. தோல்வி கட்டத்தைத் தாண்டி அடுக்களைக்குள் நுழைகிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தொடுகிறது. மனைவியின் கழுத்தைத் தொடுகிறது. தருமர் இழந்தவை அனைத்தும் பலகைக்கு வெளியே இருந்தவை. அரங்குக்கு உள்ளே நடக்கவேண்டியது வெளியே பாய்ந்தால் அதுவே சூது.

சூதுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. விளையாட்டுக்கு முடிவு உண்டு. பழம் ஏறியாயிற்று, புலி அடைபட்டாயிற்று, அரசன் வீழ்ந்தான் என்றால் ஆட்டம் முடிந்தது, எழுந்து போகலாம். சூதுக்கு அத்தகைய முடிவு இல்லை. வென்றவனை ஆசையும் தோற்றவனை ஏக்கமும் எழவிடுவதில்லை. விளையாட்டில் எதிரே ஒருவர் முகம் தெரியும். கைப்பேசிச் சூதில் எதிரே முகம் இல்லை; நள்ளிரவில் 'போதும், எழுந்திரு' என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அன்பர்களே! இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. பரணில் கிடக்கும் பல்லாங்குழிப் பலகையைத் துடைத்து எடுங்கள். சுண்ணாம்புக் கட்டி ஒன்று போதும். திண்ணையில் தாயக்கட்டம் வரையலாம். ஆண்டுதோறும் 61 நாட்கள் மீன்பிடித் தடையினால் படகுகள் கரையேறி நிற்கும் இந்தக் கடற்புறத்தில், மணலில் ஒரு விரலால் கீறினாலே ஆடுபுலிக் கட்டம் ஆயிற்று. பிள்ளைகளோடு அமர்ந்து ஆடுங்கள். அவர்கள் தோற்றால் அழவிடுங்கள். மீண்டும் காய் அடுக்கக் கற்றுக்கொடுங்கள். வேண்டுமென்றே அவர்களிடம் தோற்காதீர்கள். முறை தவறியும் வெல்லாதீர்கள். விளையாட்டின் இன்பத்தை வீட்டில் அறிந்த பிள்ளை, சூதின் போலி இன்பத்தை எளிதில் இனங்கண்டு கொள்ளும்.

சதுரங்க வல்லபநாதர் முதியவராய் வந்தபோதும் விதியை மீறி ஒரு காயும் நகர்த்தவில்லை என்பதை மறவாதிருப்போம். எல்லைக்குள் நின்று ஆடுவோம். ஆடி முடித்ததும் மகிழ்வோடு எழுவோம்.

திருச்சிற்றம்பலம்.